ஊர் யார் பக்கம் உட்காருகிறது

கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தவன் பேராதனையைத் தொடுமுன் பிலிமத்தலாவையைக் கடக்கிறான். வீதியோரத்தில் பித்தளைச் சாமான் கடைகள் தெரியும். உள்ளே திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளைச் சுற்றிய சிங்களக் கிராமங்களும், அவற்றுக்கு இடையிடையே முஸ்லிம் ஊர்களும் இருக்கின்றன. கம்பளைப் பக்கமோ ஹந்தானைப் பக்கமோ நகர்ந்தால் தேயிலைத் தோட்ட லயன்கள் தொடங்கிவிடும். ஒரு பெண் அடிபடும் சத்தம் இந்த இடங்களில் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. வீட்டுத்தோட்டத்துக்குள் பலாவும் கமுகும் சூழத் தனித்து நிற்கும் கிராமத்து வீட்டில் அது வேலியைத் தாண்டாமலே அடங்கிவிடலாம். லயனில் அப்படி இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே சுவர், சில இடங்களில் அந்தச் சுவரும் கூரை வரை எட்டாது. முதல் அடி விழும்போதே பக்கத்துக் காம்பராவில் சோறு பிசைகிற கை நின்றுவிடும். ஆனால் சத்தம் கேட்கும் இடத்திலும் கேட்காத இடத்திலும் பெண்ணுக்குக் கடைசியில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மறுநாளோ மறுவாரமோ யாராவது நான்கு பேர் கூடி இருவரையும் உட்காரவைத்துப் பேசி, சேர்ந்து வாழச் சொல்லி அனுப்புவார்கள். ஊர் தலையிடவே இல்லை என்று இதைச் சொல்ல முடியாது. தலையிட்ட ஊர் எதைக் காப்பாற்ற உட்கார்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. குடும்பத்தைச் சேர்த்துவைக்க உட்காரும் ஊரும், அடிபட்டவளின் உயிரையும் உடலையும் காக்க உட்காரும் ஊரும் வேறு வேறு. இலங்கையையும் இந்தியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

சட்டத்தில் இரு நாடுகளும் ஒரே ஆண்டில் விழித்தன. இலங்கையின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். இந்தியாவின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் 2005இல் நிறைவேறி 2006 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கட்டளை தருகின்றன. ஆனால் அந்தக் கட்டளைக்குப் போகும் வழி வேறு. இலங்கையில் பாதிக்கப்பட்டவளே நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அல்லது அவள் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் போக வேண்டும். கட்டளையின் காலம் 12 மாதத்தைத் தாண்டாது. இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வேறொரு கதவைத் திறந்தது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்தப் பொறுப்பும் விழாது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சட்டத்தில் இடம் தருவது அந்தப் பிரிவு. இலங்கைச் சட்டத்தில் அவளுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அவள் பொலிஸுக்குச் சொல்லலாம், அதன்பின் எல்லாம் பொலிஸின் விருப்பம். தமிழ் பேசும் பெண்ணுக்கு இன்னொரு தடையும் உண்டு. அவள் சொல்வது முறைப்பாட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்படும்போது, தான் என்ன சொன்னதாக எழுதப்பட்டது என்று தெரியாமலே கையொப்பமிட நேர்கிறது.

இலங்கையில் ஊர் உட்காரும் இடங்களில் அரசே அமைத்துக் கொடுத்தது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இந்தச் சபைகள் எல்லைத் தகராறு, கடன் தகராறு போன்றவற்றை நீதிமன்றச் செலவில்லாமல் தீர்த்துப் பெரும் நன்மை செய்தவை. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மனைவியை அடித்ததைப் பொலிஸ் ‘சாதாரண காயம்’ என்று வகைப்படுத்தினால் அதுவும் வழக்காகுமுன் இந்தச் சபைக்கே வந்து சேரும். வேலியை ஓரடி நகர்த்திவைத்தவரும் மனைவியின் கையை முறுக்கியவரும் ஒரே வரிசையில் காத்திருப்பார்கள். சபையின் வேலை நடுநிலை காத்து இணக்கம் காண்பது. எல்லைத் தகராறில் இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்கலாம், பாதி பாதியாக விட்டுக்கொடுக்கலாம். அடியில் எந்தப் பாதியை விட்டுக்கொடுப்பது? “இனிக் குடிக்க மாட்டேன்” என்று அவன் சொல்கிறான், “இனி எதிர்த்துப் பேச மாட்டேன்” என்று அவளைச் சொல்ல வைக்கிறார்கள், இரண்டும் ஒரே எடையுள்ள வாக்குறுதிகளாகப் பதிவாகின்றன. தோட்டத்தில் இதே வேலையைத் தோட்டத் தலைவர் செய்கிறார். அவர் தொழிற்சங்கத்தின் ஆள், பெரும்பாலும் ஆண், அடித்தவனும் அவருடைய சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன். நல்ல மனம் கொண்ட தலைவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவரை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவருடைய மனத்தை மட்டும் பொறுத்ததல்ல.

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான ஒரு மரபு கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் உருவானது. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்த கதை அதற்கு நல்ல உதாரணம். அது மதுவிலக்குப் பிரசாரமாகத் தொடங்கவில்லை. முழு எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்பில் பெண்கள் கூடினார்கள், கூலி எங்கே போகிறது, அடி எங்கிருந்து வருகிறது என்று பேசினார்கள், பிறகு கடை முன்னால் போய் நின்றார்கள். அவர்கள் செய்தது எழுத்தறிவுப் பாடநூலில் ஒரு பாடமாக ஏறியது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்கள் ‘நாமும் செய்யலாமே’ என்று கிளம்பினார்கள். 1992இல் மாவட்டம் முழுவதும் பரவியது, 1993 ஒக்டோபரில் அரசு சாராயத்தைத் தடைசெய்தது, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் அது தளர்த்தவும்பட்டது. கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு இயக்கம் தோற்றது என்பார்கள். சாராயத்தின் கணக்கில் அது சரிதான். ஆனால் ஊர் நடுவே பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டம் கூடி, வீட்டுக்குள் நடப்பது ஊர் விஷயம் என்று அறிவித்தது அங்கே முதல்முறையாக நடந்தது. மதுவிலக்குச் சட்டத்தைத் தளர்த்தியபோது அந்த அறிவிப்பு இல்லாமல் போய்விடவில்லை.

குஜராத்தில், மத்திய அரசின் பெண்கள் கல்வித் திட்டமான மகிளா சமாக்யாவின் கீழ் 1995இல் வதோதரா பகுதியில் தொடங்கிய நாரி அதாலத், அதாவது பெண்கள் மன்றம், இந்த மரபை இன்னும் ஒழுங்குபடுத்தியது. அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் குறித்த நாட்களில் பொது இடத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். அவர்களுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. இருந்தது இரண்டே பலம். ஒன்று, அவர்கள் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளவில்லை, வந்தவளின் பாதுகாப்பே தங்கள் அக்கறை என்று முதலிலேயே வெளிப்படையாக நின்றார்கள். மற்றது, தீர்வை எழுதி வாங்கியதோடு எழுந்து போகாமல் அந்த வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு தாவூத் ஷரீபா கானம் உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தும் இதே வகை. தலாக், வரதட்சணை, அடி எல்லாவற்றையும் பள்ளிவாசல் ஜமாஅத்து ஆண்கள் மட்டும் கூடிப் பேசி முடிவு செய்வதும், பாதிக்கப்பட்டவள் வெளியே நிற்பதும் வழக்கமாக இருந்தபோது, பெண்கள் தங்களுக்கென ஒரு ஜமாஅத்தைக் கூட்டினார்கள். தீபா தன்ராஜ் 2011இல் அதை ஆவணப்படமாக்கினார். பிலிமத்தலாவையைச் சுற்றிய முஸ்லிம் ஊர்களில் வாழும் பெண்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இலங்கையின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951இலேயே காதி நீதவான் பதவியை ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிவைத்தது. மலையகப் பெண்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மூணாறு. 2015 செப்டெம்பரில் அங்கே தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் பெண்கள் பெண்பிள்ளை ஒருமை என்ற பெயரில் வீதியை மறித்து 20 சதவீத போனஸ் கேட்டபோது, ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. அது அடிக்கு எதிரான போராட்டம் அல்ல. ஆனாலும் தலைவரைக் கேட்காமல் கொழுந்துப் பெண்கள் தாங்களே கூடிப் பேச முடியும் என்பதை அது காட்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்தியாவே முன்னோடி என்று முடிவுகட்டினால் தவறு. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் 18 முதல் 49 வயதுள்ள, திருமணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று கண்டது. தமிழ்நாட்டில் அது 38.1 சதவீதம். இலங்கையின் 2019 ஆய்வு, துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஆளானவர்கள் 20.4 சதவீதம், ஐந்தில் ஒருத்தி, என்றது. இரண்டு ஆய்வுகளின் கேள்விகளும் வயதெல்லையும் வேறு, ஆகவே யார் மோசம் என்று இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் பெண்கள் கூடிப் போராடிய தேசத்திலும் வன்முறை இவ்வளவு இருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது. அதே இந்திய ஆய்வில், அடிபட்டவர்களில் எங்காவது உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. ஜெயலலிதா ஆட்சியில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும் முதல் முயற்சி பெரும்பாலும் சமரசமாகவே இருந்துவந்தது. நாரி அதாலத்துகளைப் பெற்ற மகிளா சமாக்யாவுக்கு மத்திய அரசின் நிதி 2016இல் நின்றது. ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்பு ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டத்து கிராமப் பணியாளர் ஒருவர், ஊர் ஆதிக்கச் சாதியினரின் கூட்டு வன்முறைக்கு ஆளானார். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997ஆம் ஆண்டு விசாகா வழிகாட்டு நெறிகள் அந்தக் கொடுமையிலிருந்து பிறந்தவை. ஊர் கூடாமல் ஒருத்தியை மட்டும் முன்னே அனுப்பினால் நடப்பது இதுதான்.

இலங்கை எதில் பலமாக நிற்கிறது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்தியக் கிராமங்கள் பொறாமைப்படத்தக்க ஒன்று இலங்கையில் உண்டு: வீட்டு வாசல் வரை வரும் குடும்பநல மருத்துவமாது. கர்ப்பிணியின் வீட்டுக்கு அவள் பல தடவை வருகிறாள், குழந்தை பிறந்த பிறகும் வருகிறாள், யாரும் அவளிடம் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அந்த வீட்டின் அடுக்களை வரை போகும் உரிமை கிராம உத்தியோகத்தருக்கும் இல்லை, பொலிஸுக்கும் இல்லை. கண்டி மாவட்டத்தில் 2009–10இல் சுமார் 400 மருத்துவமாதருக்குத் துணைவர் வன்முறையை அறிந்து உதவும் பயிற்சி தரப்பட்டது. பயிற்சிக்கு முன் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அடிபட்ட ஒருத்தியையாவது அடையாளம் கண்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர். பயிற்சிக்குப் பின் அநேகமாக எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். அது அவர்களே சொன்ன கணக்கு என்பதை மறக்காமல் பார்த்தாலும், பிலிமத்தலாவை அடங்கிய மாவட்டத்திலேயே கிடைத்த இந்தச் சான்று கவனத்துக்குரியது. வீட்டுத்தோட்டத்துக்குள் அடங்கிவிடும் சத்தத்தைக் கேட்கக்கூடிய காது ஏற்கெனவே அரசின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு மேல் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், பல பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்ற மித்துரு பியச இருக்கிறது, 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது, 1987இல் தொடங்கிய விமன் இன் நீட் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. கண்டுகொள்வதற்கும் அனுப்பிவைப்பதற்கும் ஆள் உண்டு. ஆனால் அனுப்பிவைத்தவள் அன்று மாலை திரும்பி வருவது அதே வீட்டுக்குத்தான். அந்த வீட்டு வாசலில் அவளுக்காக நிற்கும் ஆள் இலங்கையில் இல்லை. இந்தியாவின் பெண்கள் கூட்டங்கள் செய்தது அந்த வேலையைத்தான்.

ஆகவே பிலிமத்தலாவை போன்ற ஓர் இடத்தில் புதிய அமைப்பு ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து நட வேண்டியதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் உண்டு. சாதியோ கட்சியோ பார்க்காமல் மாதச் சந்தா வாங்கி, ஒரு வீட்டில் சாவு விழுந்த சில மணி நேரத்தில் பந்தலும் கதிரையும் கொண்டுவந்து, தேநீர் ஊற்றி, மூன்று நாள் அந்த வீட்டை விட்டு நகராமல் நிற்கிற அமைப்பு அது. இடர் வந்த வீட்டுக்குக் கேட்காமல் போவது உரிமை என்று இந்த ஊர்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒரே இடம் அநேகமாக அதுதான். மாதர் சங்கங்களும் உண்டு, தோட்டத்தில் பிள்ளை மடுவமும் கொழுந்து நிறுக்கும் இடமும் பெண்கள் தினமும் கூடும் இடங்கள். இவற்றிலிருந்து நான்கைந்து பெண்களும், ஊர் மதிக்கும் ஓரிரு ஆண்களும் சேர்ந்து ஒரு சிறு குழுவாகலாம். அடிபட்டவள் சம்மதித்தால் மட்டும் மருத்துவமாது அவர்களிடம் சொல்லலாம். அவர்கள் அந்த வீட்டுக்குப் போகலாம், மறுவாரமும் போகலாம், பிறகு மாதமொரு முறையும் போகலாம். அவளுக்குப் பொலிஸும் நீதிமன்றமும் வேண்டுமென்றால் அவளோடு கூடப் போய், சொன்னது சொன்னபடி எழுதப்படுகிறதா என்று பார்க்கச் சிங்களம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்காரலாம். உரத்துக் கூச்சலிடுவதோ தடியெடுப்பதோ இதில் எதற்கும் தேவையில்லை. உத்தரப் பிரதேசத்தில் தடியெடுத்துப் புகழ்பெற்ற குலாபி கும்பலைப் பார்த்துச் சிலர் ஆசைப்படலாம். ஆனால் தடி, பலமுள்ளவன் சொன்னதே நியாயம் என்ற அதே பழைய பாடத்தைத்தான் திரும்பச் சொல்லும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிக வலுவானது, ஊரே பெண்ணுக்கு எதிரி என்பது. சாதிக் கட்டைப் பஞ்சாயத்தும், காதலித்தவர்களை வெட்டும் கும்பலும் ஊர் கூடியதால் வந்தவைதானே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. அங்கே தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை ஊர் தன் கையில் எடுத்தது. நான் சொல்லும் குழு எந்தத் தீர்ப்பும் வழங்காது. அவளுடைய விருப்பத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்காது. குற்றத்துக்குத் தண்டனை நீதிமன்றத்தின் வேலையாகவே இருக்கும். அடுத்தது, குடும்பம் உடைந்து பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்ற கவலை. அந்தக் கவலை பொய்யானதல்ல, பெரும்பாலான பெண்களுக்கும் அதே கவலை உண்டு. அடி நிற்க வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள், பிரிவைக் கேட்டு வருபவர்கள் குறைவு. ஆனால் அடித்தவனைச் சற்றும் மாறக் கேட்காமல் அவளை மட்டும் பொறுக்கச் சொல்லும் சேர்த்துவைப்பு பிள்ளைகளைக் காப்பாற்றுவதில்லை. அம்மா அடிபடுவதைப் பார்த்து வளரும் மகன் என்ன கற்கிறான் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. மூன்றாவது, கசிப்பை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்பது. குடி அடியைக் கூட்டுகிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குடித்தவன் துரையை அடிப்பதில்லை, கங்காணியை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்பதைக் குடிவெறியிலும் அவன் மறப்பதில்லை.

எனக்கு அதிகம் கவலை தரும் மறுப்பு வேறு. வெளியார் வந்து போன அன்றிரவு அவன் இரட்டிப்பாக அடிப்பான் என்பார்கள். உண்மையில் அப்படி நடக்கிறது. ஒரு தடவை போய் எச்சரித்துவிட்டுத் திரும்பும் தலையீடு அவளுக்குத் தலையிடாமை தருவதை விடக் கூடிய ஆபத்தைத் தரலாம். அதனால்தான் நாரி அதாலத்துப் பெண்கள் திரும்பத் திரும்பப் போனதைப் பெரிதாகச் சொல்கிறேன், மரண உதவிச் சங்கத்தின் மூன்று நாளை நினைவூட்டுகிறேன். அன்றிரவு அவள் தங்க ஒரு வீடு முன்கூட்டியே பேசிவைக்கப்பட்டிராவிட்டால் அந்தக் குழு அவள் வீட்டுக்குப் போகவே கூடாது. அரசின் வேலையை ஏழைப் பெண்களின் தலையில் சம்பளமில்லாமல் கட்டுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் பாதி உண்மை. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து வந்தவளை இரவில் இன்னொரு வீட்டுக்குப் போகச் சொல்வது சின்னக் கோரிக்கை அல்ல. பயணச் செலவு, தொலைபேசிச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு இவற்றைப் பிரதேச செயலகம் ஏற்க வேண்டும். அப்படி ஏற்கும்போதும், பணம் நின்றால் குழுவும் நின்றுபோகும் நிலை வராதபடி குழு சங்கத்தின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டும். மகிளா சமாக்யாவின் முடிவு இதைக் கற்றுத்தந்தது.

அடி விழுந்த பிறகு போவது தடுப்பு ஆகுமா என்று கேட்பவர்கள், வீட்டு வன்முறை ஒரு தடவை நடந்து முடிவதில்லை என்பதை மறக்கிறார்கள். இரண்டாவது அடியைத் தடுப்பதும் தடுப்புத்தான். அதற்கு முந்தைய கட்டத்துக்கு உகாண்டாவின் அனுபவம் உதவும். கம்பாலாவில் 2008 முதல் 2012 வரை சசா என்ற திட்டத்தில் சந்தை வியாபாரிகள், பக்கத்து வீட்டார் என்று சாதாரண ஊர்க்காரரே வீட்டுக்குள் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று ஆண்களோடும் பெண்களோடும் பேச்சுக் கிளப்பினார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் கடந்த ஓராண்டில் துணைவரால் அடிபட்டோம் என்ற பெண்களின் விகிதம் மற்றப் பகுதிகளை விட ஏறத்தாழ பாதியாக இருந்தது. மொத்தம் எட்டே பகுதிகளில் நடந்த ஆய்வு என்பதால் அந்தப் பாதி என்ற எண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, திசையை நம்பலாம். அந்தப் பேச்சு ஆண்களிடமும் நடந்தது என்பது முக்கியம். பிலிமத்தலாவையின் பித்தளைப் பட்டறையிலும் ஓட்டோ தரிப்பிடத்திலும் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் பேசப்படாத ஒன்றை மாதர் சங்கத்தில் மட்டும் பேசிப் பயனில்லை.

இதற்கெல்லாம் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் சட்டம் திருந்தாமலும் முடியாது. இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் போல, அயலார் தரும் தகவலுக்குச் சட்ட மதிப்பும் தகவல் தந்தவருக்குப் பாதுகாப்பும் தரும் ஒரு பிரிவு இலங்கையின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வர வேண்டும். பாதுகாப்புக் கட்டளையின் பன்னிரண்டு மாத எல்லை போக வேண்டும். துணைவரின் அடி எந்தப் பெயரில் பதிவானாலும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்படாமல் விலக்கப்பட வேண்டும். இவை பாராளுமன்றத்தின் வேலை. மரண உதவிச் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில், சாவு வீட்டுக்குப் போகும் நாம் அடிபடும் வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று ஒரு பெண் எழுந்து கேட்பதற்கு எந்தத் திருத்தச் சட்டமும் வேண்டியதில்லை. கேட்டால் முதலில் மௌனம்தான் வரும், அதற்குப் பிறகு “அது அவங்க வீட்டுப் பிரச்சினை” என்று ஒருவர் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு அந்த அறையிலேயே, அந்தக் கூட்டத்திலேயே பதில் சொல்ல இரண்டாவதாக இன்னொரு பெண்ணும் மூன்றாவதாக ஓர் ஆணும் முன்கூட்டியே பேசிவைத்துத் தயாராக இருக்க வேண்டும்.